வினைல் இசைத்தட்டும் எண்ணிம ஒலிவடிவங்களும்: ஒலித்தர ஒப்பீட்டின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்
வினைல் இசைத்தட்டின் ஒலி உயர்ந்ததா, எண்ணிம வடிவத்தின் ஒலி உயர்ந்ததா என்னும் விவாதம் குறுந்தகடு விற்பனைக்கு வந்த காலந்தொட்டுத் தொடர்கிறது. இக்கட்டுரை அவ்விவாதத்தைத் தொழில்நுட்ப வரலாற்றின் பின்புலத்தில் ஆராய்கிறது. கேட்போர் உணரும் வேறுபாட்டின் பெரும்பகுதி ஊடகத்தால் விளைவதன்று. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒலி சீரமைக்கப்பட்ட முறையால் விளைவது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வினைல் இசைத்தட்டு, குறுந்தகடு, எண்ணிம ஒலி, மாஸ்டரிங், உரப்புப் போட்டி.

முன்னுரை
1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை அறிமுகப்படுத்தியது. பக்கத்திற்குச் சில நிமிடங்களே ஒலித்த அரக்குத் தட்டுகளின் இடத்தை, இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலித்த வினைல் தட்டு பிடித்தது. சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய குறுந்தகடு 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபின், வினைல் வழக்கொழியும் என்றே பலரும் கருதினர். ஆயினும் 2020இல் அமெரிக்காவில் வினைல் விற்பனை வருவாய், 1986க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தகட்டு வருவாயை விஞ்சியது. இம்மீட்சிக்கு ஒலித்தரமே காரணம் என்னும் கூற்று ஆராயத்தக்கது.

வினைல் தட்டின் எல்லைகள்
வினைல் தட்டில் ஒலியலை, பள்ளத்தின் நெளிவாகப் பொறிக்கப்படுகிறது. தாழ்ந்த ஒலிகளை அப்படியே பொறித்தால் நெளிவு அகன்று அடுத்த வரியோடு மோதும். ஆதலால் பொறிக்கும்போது அவை குறைக்கப்பட்டு, உயர்ந்த ஒலிகள் கூட்டப்படுகின்றன. இசைக்கும்போது இம்மாற்றம் நேரெதிராகச் சரிசெய்யப்படுகிறது. இதற்கான பொது நெறி 1954இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது.

தட்டின் சுழற்சி வேகம் மாறுவதில்லை. ஆனால் ஊசி நொடிக்குக் கடக்கும் பள்ளத்தின் நீளம், வெளி விளிம்பில் ஏறத்தாழ 51 செ.மீ. ஆக இருந்து, இறுதி வரிகளில் 21 செ.மீ. ஆகக் குறைகிறது. எனவே ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாடலிலும் உயர் அதிர்வெண் ஒலிகள் எளிதில் சிதைகின்றன. மென்மைக்கும் உரப்புக்கும் இடையிலான வீச்சும் வினைலில் ஏறத்தாழ 70 டெசிபல் அளவிலேயே நிற்கிறது.

குறுந்தகட்டின் அளவைகள்
குறுந்தகடு ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் பதிகிறது. அளவெடுக்கும் வீதத்தில் பாதிக்குக் கீழுள்ள அதிர்வெண்கள் அனைத்தையும் முழுமையாக மீட்கலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் ஆய்வுகளால் நிறுவப்பட்டது. மனிதச் செவியின் எல்லையாகிய 20 கிலோஹெர்ட்ஸ் இதனுள் அடங்கும். எண்ணிம ஒலி படிக்கட்டுப் போல் துண்டுபட்டது என்னும் பரவலான கருத்து பிழையானது. மீட்கப்படும் அலை தொடர்ச்சியானதே. வீச்சும் ஏறத்தாழ 96 டெசிபல் ஆகும். எனவே அளவைகளின்படி குறுந்தகடே மேம்பட்டது. 1993இல் தர நெறியாக வெளியிடப்பட்ட எம்பி3 வடிவத்தின் நிலை வேறு: செவி உணராதெனக் கருதப்படும் கூறுகளை அது நீக்கிவிடுகிறது. 128 கிலோபிட் வீதத்தில், குறுந்தகட்டுத் தரவில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கே எஞ்சும்.

உரப்புப் போட்டி
அளவைகளில் மேம்பட்ட வடிவம், கேட்பில் குறைபட்டதாகத் தோன்றியது ஏன்? 1990களில் பிற பாடல்களினும் தம் பாடல் உரக்க ஒலிக்க வேண்டும் என்னும் வணிகப் போட்டி வலுத்தது. மாஸ்டரிங் எனப்படும் இறுதிச் சீரமைப்பில் மென்மைக்கும் உரப்புக்குமான வேறுபாடு நசுக்கப்பட்டது. குறுந்தகட்டின் 96 டெசிபல் வீச்சு பயன்படாமற் போயிற்று. 2008இல் வெளிவந்த மெட்டாலிகா குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’ இதற்குச் சான்றாகும். கிட்டார் ஹீரோ என்னும் கணினி விளையாட்டில் இடம்பெற்ற அதே பாடல்கள், குறுந்தகட்டில் உள்ளவற்றினும் நசுக்கப்படாதிருப்பதை ரசிகர்கள் கண்டறிந்தனர். இரண்டும் எண்ணிம வடிவங்களே; வேறுபட்டது சீரமைப்பு மட்டுமே.

இதற்கு மறுதலையான சான்று 2022இல் வெளிப்பட்டது. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் வினைல் மறுவெளியீடுகள், எண்ணிமக் கலப்பற்றவை என நம்பப்பட்டு, நுண்செவியினரால் பாராட்டப்பட்டவை. அவற்றுட் பல, அசல் நாடாவிலிருந்து எண்ணிமப் படி எடுத்து அதிலிருந்து பொறிக்கப்பட்டவை என்பதை அந்நிறுவனப் பொறியாளர்கள் ஒப்புக்கொண்டனர். அவற்றைப் பாராட்டியோர் உணர்ந்த இனிமை, எண்ணிமப் படிநிலையைக் கடந்து வந்ததே.

முடிவுரை
ஊடகத்தை மட்டும் ஒப்பிடுவது, பதிப்புகளை நோக்காது தாளின் தரத்தை ஒப்பிடுவதற்கு நிகராகும். ஒரே பாடலின் வினைல் வெளியீடு, முதற் குறுந்தகடு, பிற்கால மறுசீரமைப்பு ஆகியவை பாடவேறுபாடுகள் கொண்ட தனித்தனிப் பதிப்புகள். கையில் கிடைத்த ஒரு கோப்பினைக் கொண்டு ஒரு கலைஞரின் குரலையோ ஒரு காலத்தின் இசையையோ மதிப்பிடும் ஆய்வு, பின்னாளில் வந்த சீரமைப்பாளரின் தெரிவுகளை அக்கலைஞர்மேல் ஏற்றிவிடக்கூடும். எனவே சுவடியும் பதிப்பும் சுட்டுவது போல, கேட்ட ஒலிவடிவத்தின் வெளியீட்டாண்டையும் மூலத்தையும் சுட்டுவது இசை ஆய்வாளரின் கடமையாகிறது.