ஜார்ஜியா கவர்னர் தேர்தல், 1946

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா ராஜ்யத்தில் நடைபெற்று, ஒரே பதவிக்கு மூவர் உரிமை கொண்டாடும் நிலையை விளைவித்த தேர்தல்.

பூர்வ வரலாறு: குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கவர்னர் ரூபஸ் புல்லக் 1871இல் ராஜ்யத்தை விட்டு வெளியேறிய பின்னர் ஜனநாயகக் கட்சியின் ஆதிக்கமே நிலைபெற்றமையால், பொதுத் தேர்தல் சம்பிரதாயமாகி, அக்கட்சியின் பூர்வாங்கத் தேர்தலே மெய்யான போட்டியாயிற்று. நெடுங்காலம் அதில் கறுப்பினத்தாருக்கு இடமில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் 159 கவுண்டிகளில் பெரிய எட்டுக்குத் தலா 6, அடுத்த முப்பதுக்குத் தலா 4, எஞ்சிய 121க்குத் தலா 2 என, அந்தந்தக் கவுண்டியில் அதிக வாக்குப் பெற்றவருக்கே முழுதும் சேரும் யூனிட்டுகளை வகுத்தமையால், மூன்று சிறு கவுண்டிகள் சேர்ந்தால் அட்லான்டா மாநகரின் புல்டன் கவுண்டிக்குச் சமமாயின.

தேர்தலும் தகராறும்: 1946இல் நீதிமன்றத் தீர்ப்பால் கறுப்பினத்தார் பூர்வாங்கத் தேர்தலில் வாக்களித்தனர். ஜேம்ஸ் கார்மைக்கேல் சுமார் 16,000 வாக்குகள் அதிகம் பெற்றும், 410 யூனிட்டுகளில் 242ஐக் கைக்கொண்ட யூஜீன் டால்மட்ஜே அபேட்சகரானார். நவம்பரில் எதிர்ப்பின்றி வென்ற அவர், பதவியேற்குமுன் டிசம்பர் 21இல் காலமானார். சிலர் வாக்குச்சீட்டில் தாமே பெயரெழுதி அவர் மகன் ஹெர்மனுக்கு அளித்திருந்த வாக்குகளை ஆதாரமாகக் கொண்டு, சட்டசபை 1947 ஜனவரியில் ஹெர்மனைக் கவர்னராக்கியது. டெல்பேர் கவுண்டியில் பின்னர் கிடைத்ததாகக் கூறப்பட்ட 58 வாக்குகளே அவரை 675 வாக்குகளுடன் முன்னிலைக்குக் கொணர்ந்தன. அவற்றுள் இறந்தோர் பெயர்களும் இருந்தனவென்று அட்லான்டா ஜர்னல் பத்திரிகையின் ஜார்ஜ் குட்வின் வெளிப்படுத்தினார். பதவியிலிருந்த எல்லிஸ் ஆர்னல் விலக மறுத்தார். அலுவலகப் பூட்டுகள் மாற்றப்படவே, சட்டசபைக் கட்டிடத்தின் விசாரணை மேஜையிலிருந்து அலுவல் புரிந்தார். ஜனவரி 18இல் அவர் ராஜிநாமாச் செய்ய, உதவிக் கவர்னர் எம். ஈ. தாம்சன் பொறுப்பேற்றார்.

இவ்வமளியில் எவர் ஆணைக்கும் முத்திரை விழாதபடி, ராஜ்யச் செயலாளர் பென் பார்ட்சன் அரசு முத்திரையை மறைத்து வைத்தார். தம் சக்கர நாற்காலியின் மெத்தையடியில் வைத்து அதன்மீதே அமர்ந்திருந்தார் என்பர். மார்ச் 19இல் ராஜ்ய உச்ச நீதிமன்றம், நவம்பரில் வென்ற யூஜீன் பெரும்பான்மை பெற்றிருந்தமையால் சட்டசபைக்குத் தெரிவுரிமை இல்லையென 5–2 என்ற கணக்கில் தாம்சனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 58 வாக்குகளின் மெய்ம்மை இத்தீர்ப்புக்கு ஆதாரமாகவில்லை.

பிற்காலம்: 1948இல் ஹெர்மன் தேர்தல் மூலம் கவர்னரானார். 1963இல் ஐக்கிய நாட்டு உச்ச நீதிமன்றம் யூனிட் முறையை நீக்கி, வாக்காளர் அனைவரின் வாக்கும் சம மதிப்புடையதென்ற நியாயத்தை நிலைநாட்டியது. 2002இல் சானி பெர்டுவின் வெற்றி குடியரசுக் கட்சிக்கு மீண்டும் கவர்னர் பதவியை அளித்தது.