நிரப்பிகள்: வலிமையும் பலவீனமும்

ஒரு பொருளில் மலிவான வேறொன்றைச் சேர்த்தால் அதனைக் கலப்படம் என்று கருதுவதே எமது வழக்கம். பல்பகுதியங்கள் எனப்படும் இறப்பர், பிளாஸ்டிக் வகைகளைப் பொறுத்தவரை இக்கருத்து பாதியளவே உண்மையாகும். வாகன டயர்களின் கருமை நிறமே இதற்குச் சான்று. எண்ணெயைக் குறைந்த வளியில் எரித்துப் பெறப்படும் காபன் கறுப்பு என்னும் நுண்ணிய கரித்தூள் இறப்பருடன் கலக்கப்படுவதாலேயே அந்நிறம் ஏற்படுகின்றது. இவ்வாறு சேர்க்கப்படும் பொருட்களே நிரப்பிகள் எனப்படுகின்றன.

ஆரம்பகால டயர்கள் வெண்மையாக இருந்தன. அன்று நாக ஒட்சைட்டே முக்கிய நிரப்பியாக இருந்தது. 1904 ஆம் ஆண்டில் இலண்டனின் சில்வர்டவுணிலிருந்த இறப்பர் தொழிற்சாலையில் எஸ்.சி. மோட் என்பவர் காபன் கறுப்பின் வலுவூட்டும் இயல்பைக் கண்டறிந்தார். அடுத்த பத்தாண்டுகளில் அது டயர்த் தொழிலில் நிலைபெற்றது. டயர்களுக்குப் பயன்படும் ஸ்டைரீன் பியூட்டடையீன் செயற்கை இறப்பர் நிரப்பியின்றி மிகவும் நலிவானது. காபன் கறுப்பு சேர்ந்ததும் அதன் இழுவிசை வலிமை பல மடங்காக உயர்கின்றது. இயற்கை இறப்பரோ தானாகவே வலிமை மிக்கது. அதற்குத் தேய்மானத்தையும் கிழிதலையும் எதிர்க்கும் ஆற்றலையே நிரப்பி பெரிதும் வழங்குகின்றது.

இதற்குக் காரணம் துகளின் நுண்மையாகும். தரைபடும் பகுதிக்குப் பயன்படும் காபன் கறுப்பின் அடிப்படைத் துகள்கள் சுமார் 20 முதல் 30 நனோமீற்றர் வரையானவை. துகள் சிறிதாகுந்தோறும் ஒரு கிராமிலுள்ள மேற்பரப்பு பெருகுகின்றது. அம்மேற்பரப்பிலேயே இறப்பரின் நீண்ட மூலக்கூறுகள் பற்றிக்கொள்கின்றன. வெளியிலிருந்து வரும் விசையை இப்பிணைப்பே துகள்களுக்குக் கடத்துகின்றது.

பிணைப்பு இல்லையெனில் விளைவு நேர்மாறானது. சுண்ணாம்புக்கல்லை அரைத்துப் பெறும் கல்சியம் காபனேற்று, பிளாஸ்டிக் கதிரைகளிலும் பீ.வீ.சீ. குழாய்களிலும் சேர்க்கப்படுகின்றது. அளவோடும் நுண்மையோடும் சேர்த்தால் பொருளின் விறைப்பு கூடும், செலவும் குறையும். பருமனான துகள்களை அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தாலோ, நன்கு பரவாது கட்டிகளாகத் தங்க விட்டாலோ, ஒவ்வொரு கட்டியும் வெடிப்பின் தொடக்கப் புள்ளியாகிவிடும். பொருள் தொடுவதற்கு உறுதியாகத் தோன்றும். ஆனால் நீளாது, வளையாது, திடீரென உடையும். விறைப்பும் வலிமையும் ஒன்றல்ல என்பதை வாங்குவோர் உணர வேண்டும்.

நல்ல நிரப்பியும் விலையின்றி நன்மை தருவதில்லை. டயர் உருளும்போது காபன் கறுப்புத் துகள்களின் வலையமைப்பு உடைந்து மீண்டும் இணைவதால் சக்தி வெப்பமாக வீணாகின்றது. இதற்குத் தீர்வாக மிச்செலின் நிறுவனம் 1990 களின் தொடக்கத்தில் சிலிக்காவைப் பயன்படுத்திய டயர்களை அறிமுகம் செய்தது. சிலிக்கா நீரை நாடுவது. இறப்பரோ நீரை வெறுப்பது. இவ்விரண்டையும் இணைக்கச் சிலேன் என்னும் இணைப்புப் பொருள் தேவைப்பட்டது. அந்தப் பாலம் அமைந்த பின்னரே எரிபொருட் சேமிப்பும் ஈரமான வீதியில் பிடிப்பும் ஒருங்கே கைகூடின.

இவ்விடயம் எமது நாட்டுக்கு அந்நியமானதன்று. 1876 இல் ஹெனரத்கொடை தாவரவியற் பூங்காவில் இறப்பர் நாற்றுகள் நடப்பட்ட இலங்கை, பாரந்தூக்கி வாகனங்களுக்கான திண்ம டயர்களை ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளுள் ஒன்றாக வளர்ந்தது. மறுபுறம், அம்பாறை, மட்டக்களப்பு, பொலன்னறுவை மாவட்டங்களின் அரிசி ஆலைகளில் உமி மலையாகக் குவிகின்றது. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமியும், அதனை எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பலும் கிடைக்கும். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவேயாகும். உமிச் சாம்பலிலிருந்து பெற்ற சிலிக்காவைத் தனது டயர்களில் பயன்படுத்தப் போவதாக குட்இயர் நிறுவனம் 2014 இல் அறிவித்தது.

ஆயினும் ஆலையடியில் எரியும் சாம்பலை அப்படியே இறப்பரில் கொட்டுவதால் பயனில்லை. அதன் துகள்கள் பருமனானவை. எரியாத கரியும் அதில் எஞ்சியிருக்கும். வெப்பம் மிகுந்தால் சிலிக்கா பளிங்குருவாகிச் சுவாசப்பைக்குத் தீங்காகும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தி எரித்து, காரத்தில் கரைத்து, நுண்துகளாக வீழ்படியச் செய்த பின்னரே அது வலுவூட்டும் நிரப்பியாகின்றது. உமிக்கும் டயருக்கும் இடையிலுள்ள தூரம் இந்தத் தொழில்நுட்பமே.

ஆகவே இரண்டு விடயங்களை நாம் வலியுறுத்துகின்றோம். கிழக்கின் உமியைப் பெறுமதிமிக்க நிரப்பியாக்கும் ஆய்வுக்குப் பல்கலைக்கழகங்களும் ஆலை உரிமையாளர்களும் கைகோர்க்க வேண்டும். அதேவேளை, சந்தையிலுள்ள குழாய்களும் கதிரைகளும் விறைப்புக்காக மட்டுமன்றி, மோதலைத் தாங்கும் திறனுக்காகவும் சோதிக்கப்பட்டு, அப்பெறுபேறு வாங்குவோருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். நிரப்பி எவ்வாறு சேர்க்கப்பட்டது என்பதைக் கண்ணால் கண்டறிய முடியாத ஏழை நுகர்வோனுக்கு அதுவே பாதுகாப்பாகும்.