நினைவக வியாபாரத்தில் நாணயம்

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டருக்கு ராம் வாங்கப் போகிறவர், எந்தக் கம்பெனிச் சரக்கு வேகமானது என்று ஒரு கேள்வியும், பழுதானால் எந்தக் கம்பெனி மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுக்கும் என்று மற்றொரு கேள்வியும் கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. இவ்விரண்டில் முதல் கேள்வியையே பலர் பிரதானமாகக் கருதுகிறார்கள். ஆயினும் இவ்வியாபாரத்தின் அரை நூற்றாண்டுச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறவருக்கு, கம்பெனிகள் பலவற்றின் உயர்வும் தாழ்வும் இரண்டாவது கேள்வியைச் சார்ந்தே நிர்ணயமாயின என்பது புலப்படும்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு என்பவர், ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்தால் ஒரு பிட் செய்தியைத் தாங்கும் என்று கண்டு, 1968-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மின்தேக்கியோ ஓட்டைக் குடம். நிரப்பிய மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகையால் இடைவிடாது அதைப் புதுப்பிக்க வேண்டும். இவ்வாறு புதுப்பித்தே காக்கவேண்டிய இனத்தைச் சேர்ந்ததும், 1970-இல் இன்டெல் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்ததுமான 1103 என்ற சில்லு, 1024 பிட்டுகளை மட்டுமே தாங்கக்கூடியதாயும், 2 மில்லி விநாடிக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டியதாயும், பொறியாளர்களைப் பெரிதும் படுத்திவைத்ததாயும் இருந்தபோதிலும், பழைய காந்த வளைய நினைவகத்தை விலையில் வென்று, 1972-க்குள் உலகிலேயே மிக அதிகமாக விற்ற நினைவகச் சில்லு என்ற கீர்த்தியை அடைந்தது. அக்காலத்தில் வாங்கியவர்கள் பொதுஜனங்கள் அல்லர். கம்ப்யூட்டர் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களே. ஒரே கம்பெனியை நம்பி ஒப்பந்தம் செய்ய அவர்கள் துணியமாட்டார்கள் என்பதால், இன்டெல் தன் சரக்கைத் தயாரிக்கும் வித்தையைக் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்றுக்குத் தானே கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று. போட்டியாளனைத் தானே வளர்த்துவிட்டால்தான் சரக்கு விற்கும் என்பது வேறெந்த வியாபாரத்திலும் எளிதில் காணக்கிடைக்காத விசித்திரம்.

அப்புறம் மாஸ்டெக் கம்பெனி 1973-இல் வகுத்த 16 கால் அமைப்பை ஏனையோரும் பின்பற்றவே, ஒருவர் சில்லு இருந்த இடத்தில் மற்றொருவர் சில்லைப் பொருத்தலாம் என்றாயிற்று. உருவத்திலும் வேகத்திலும் பேதம் குறைந்தவுடன், தரம் ஒன்றே அளவுகோலாக எஞ்சியது. அந்த அளவுகோலைப் பகிரங்கமாகக் கையிலெடுத்தவர் ரிச்சர்டு ஆண்டர்சன். ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தில் ஒரு பிரிவின் பொது மேலாளராயிருந்த அவர், 1980 மார்ச் மாதம் வாஷிங்டன் நகரில் கூடியிருந்தோர் முன்னிலையில், மூன்று அமெரிக்கக் கம்பெனிகளிடமும் மூன்று ஜப்பானியக் கம்பெனிகளிடமும் வாங்கிய சுமார் 3 லட்சம் சில்லுகளைச் சோதித்துக் கண்ட கணக்கை எடுத்து வைத்தார். சரக்கு வந்திறங்கியவுடன் நடத்திய சோதனையில் ஜப்பானியச் சில்லுகளில் பழுது அறவே இல்லை. அமெரிக்கச் சில்லுகளிலோ 0.11 முதல் 0.19 சதவிகிதம் வரை பழுது. 1000 மணி நேரம் ஓடியபின் பார்த்தால், ஜப்பானியரில் கடைசியாக நின்றவருக்கு 0.019 சதவிகிதம், அமெரிக்கரில் முதலாக நின்றவருக்கு 0.059 சதவிகிதம். இத்தனைக்கும் அந்நிறுவனம் ஜப்பானை நாடியது பிரியத்தினால் அன்று. உள்நாட்டுக் கம்பெனிகள் கேட்ட அளவு 16 கிலோபிட் சில்லுகளைக் கொடுக்க முடியாமற்போனதால்தான். ஜப்பானியர் மலிவு விலையால் மட்டுமே ஜயிக்கிறார்கள் என்று சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்குப் பின் வாயடைத்துப்போயிற்று. விலைச் சரிவும் சேர்ந்துகொள்ள, 1985-இல் இன்டெல் கம்பெனியே தான் பிறப்பித்த இவ்வியாபாரத்தைக் கைகழுவியது. 1978-இல் ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் ஒரு பல் மருத்துவமனையின் நிலவறையில் தொடங்கி, ஜே. ஆர். சிம்ப்ளாட் என்ற உருளைக்கிழங்குச் செல்வந்தரின் மூலதனத்தால் வளர்ந்த மைக்ரான் கம்பெனியோ பிடிவாதமாக நிலைத்து நின்றது.

இனித்தான் சாமானிய மனிதர் இக்கதையில் பிரவேசிக்கிறார். சில்லுகளைத் தனித்தனியாகப் பொருத்தும் தொல்லையை நீக்கி, ஒரு சிறு பலகையில் வரிசையாகப் பதித்துச் செருகும் ஏற்பாட்டை 1983-இல் வாங் லேபரட்டரீஸ் செய்தது. பலகை வந்தபிறகு சில்லைச் செய்பவர் வேறு, பலகையைக் கட்டி விற்பவர் வேறு என்ற பிரிவினை உண்டாயிற்று. 1987-இல், பங்குச் சந்தை வீழ்ச்சியில் பெரும் பொருளை இழந்திருந்த ஜான் டூ, டேவிட் சன் என்ற இருவர், பலகைமேல் ஒட்டும் புதுவகைச் சில்லு சந்தையில் அகப்படாத பஞ்சத்தைக் கண்டு, தாராளமாகக் கிடைத்த பழைய வகைச் சில்லுகளைக் கொண்டே பலகை அமைத்து, கிங்ஸ்டன் கம்பெனியைக் கலிபோர்னியாவில் ஆரம்பித்தார்கள். அவர்களிடம் ஆலையும் இல்லை, சொந்தச் சில்லும் இல்லை. ஒவ்வொரு பலகையையும் சோதித்தே அனுப்புவது, ஆயுட்கால உத்தரவாதம் கொடுப்பது, சந்தேகம் கேட்பவருக்கு இலவசமாக விடை சொல்வது ஆகியவைதாம் அவர்கள் முதல். இந்த முதலுக்கு ஜப்பானிய சாப்ட்பேங்க் நிறுவனம் 1996-இல் இட்ட மதிப்பு, 80 சதவிகிதப் பங்குக்கு 150 கோடி டாலர்! அதில் 10 கோடி டாலரை ஊழியர்களுக்கென ஒதுக்கிய இருவரும், 1999-இல் வெறும் 45 கோடி டாலருக்குக் கம்பெனியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

உத்தரவாதத்துக்கு இவ்வளவு கிராக்கி ஏற்படக் காரணமில்லாமல் இல்லை. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா நகரில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை தீப்பற்றியது. சில்லுகளை மூடும் எபாக்சி பிசினில் உலகத் தேவையின் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. விலை மளமளவென்று ஏறியது. விலை ஏறினால் கள்ளச் சரக்கும் பின்னாலேயே வரும். அக்காலப் பலகைகள் பலவற்றில் ஒன்பது சில்லுகள் இருந்தன. எட்டு செய்தியைத் தாங்கும், ஒன்பதாவது அந்த எட்டில் பிழை நேர்ந்ததா என்று சாட்சி சொல்லும். மலிவு வியாபாரிகள் சிலர் அந்த ஒன்பதாவது இடத்தில் நினைவே இல்லாத ஒரு சில்லைப் பதித்தார்கள். கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம், உள்ள செய்தியைப் பார்த்து அதற்கேற்ற விடையை அப்போதைக்கப்போது கணக்கிட்டு, எல்லாம் சரியே என்று அது சொல்லிவிடும். பொய்ச்சாட்சியைச் சம்பளம் கொடுத்து அமர்த்தியதுபோன்ற இந்த மோசடியை, பலகையைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கிற எவராலும் எளிதில் கண்டுபிடிக்க இயலாது. விற்றவர் யார் என்பதொன்றே வாங்குபவருக்கு ஆதாரம்.

மைக்ரான் கம்பெனி 1996-இல் க்ரூஷியல் என்ற பெயரில் பொதுஜனங்களுக்கு நேரே விற்க முன்வந்ததும், இன்ன கம்ப்யூட்டருக்கு இன்ன பலகை பொருந்தும், பொருந்தாவிட்டால் எங்கள் பொறுப்பு என்று வாக்களித்ததும் இந்த அச்சத்தை அறிந்துதான். வேகப் பிரியர்களுக்குக் கோர்சேர், ஜி.ஸ்கில் முதலிய பெயர்கள் பிரசித்தமாயின. இன்டெல் 2007-இல் வகுத்த எக்ஸ்.எம்.பி. ஏற்பாடு வேக அமைப்பைச் சுலபமாக்கியது. அலுமினியக் கவசமும் வர்ண விளக்கும் வந்து சேர்ந்தன. ஆனால் கவசத்தைக் கழற்றினால் உள்ளே காணப்படுவது பெரும்பாலும் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவரில் ஒருவருடைய சில்லே. சாதாரண உபயோகத்துக்கு ஒரு பெயருக்கும் மற்றொரு பெயருக்கும் உள்ள வேக பேதம் விளம்பரத்தில் தெரியுமளவு மேஜையில் தெரியாது என்பதே என் முடிவு. இந்தப் பெரிய கம்பெனிகளும் பரம யோக்கியர்கள் அல்லர். கூட்டுச் சேர்ந்து விலை நிர்ணயித்த குற்றத்துக்காக அமெரிக்காவில் 2005-இல் சாம்சங் 30 கோடி டாலரும் ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலரும் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டன.

2025 டிசம்பரில் மைக்ரான், செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினிக் கூடங்களின் தேவையே தனக்கு முக்கியம் என்று கருதி, க்ரூஷியல் பெயரில் சில்லறை விற்பனையை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. ஏற்கெனவே விற்ற பலகைகளுக்குரிய உத்தரவாதத்தைத் தொடர்ந்து காப்பதாகவும் அதே அறிவிப்பில் சொல்லியிருக்கிறது.