அழித்த நாடாவும் அயலூர்ப் படிகளும்

நம் வட்டாரத்தில் தொலைக்காட்சி தோன்றிய ஆண்டு 1963. சிங்கப்பூரில் அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் நாளும் கோலாலம்பூரில் டிசம்பர் 28ஆம் நாளும் ஒளிபரப்புத் தொடங்கிற்று. இவ்விரு நாள்களுக்கும் இடையே, நவம்பர் 23ஆம் நாள் மாலையில், இலண்டனில் பி.பி.சி. நிறுவனம் ஓர் அறிவியற் புனைகதைத் தொடரின் முதற்பகுதியைக் காட்டிற்று. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. நாட்டு மக்களின் கருத்தெல்லாம் அத்துயரச் செய்தியில் படிந்திருந்தமையால், அடுத்த வாரம் அதே பகுதியை மீண்டும் ஒருமுறை காட்டிவிட்டே இரண்டாம் பகுதிக்குச் சென்றனர். 'டாக்டர் ஹூ' எனப் பெயரிய அத்தொடர், காலத்தையும் வெளியையும் கடந்து பயணம் செய்யும் ஒருவரின் கதை. 1989இல் நின்று, 2005இல் மீண்டும் உயிர்பெற்ற அது, உலகின் நெடுங்காலத் தொடர்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. சிங்கப்பூர்த் தொலைக்காட்சியும் அத்தொடரைத் தொடக்கக் காலத்திலேயே விலைகொடுத்து வாங்கி ஒளிபரப்பியது என்பதை நம்மவர் பலர் அறியார்.

இக்கட்டுரை அத்தொடரின் கதைச் சிறப்பைக் கூற எழுந்ததன்று. அதன் பழைய பகுதிகள் அழிந்த வரலாறும், அவற்றுட் சில மீண்டு வந்த வரலாறும், மீண்டு வந்தபின் அவற்றைப் பற்றிய மதிப்பீடு மாறிய வரலாறுமே இங்கு ஆராயத்தக்கன. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே. சாமிநாதையரின் வரலாற்றை வகுப்பறையில் எடுத்துரைக்கும் நமக்கு இதில் புதுமை குறைவாகவும் வியப்பு மிகுதியாகவும் தோன்றக்கூடும். நாம் ஏடுகளை இழந்தது நூற்றாண்டுக் கணக்கில். இவர்கள் இழந்ததோ பதினைந்து ஆண்டுகளுக்குள்.

தொடரின் முதல் ஆறு ஆண்டுகளில், அதாவது 1963 முதல் 1969 வரை, ஒளிபரப்பான பகுதிகள் 253. எல்லாம் கறுப்பு வெள்ளை. அவை இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் பதிவு செய்யப்பட்டன. அந்நாடா மிகுந்த விலையுடையது. அழித்துவிட்டு மேற்பதிவு செய்தற்கு ஏற்றது. ஆதலின் ஒரு நாடகம் ஒளிபரப்பாகி முடிந்ததும் நாடாவைத் துடைத்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவது அக்கால அலுவலக வழக்கம். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் அழிப்பது போன்றதே அது. ஆசிரியர் எழுதியதைப் பாதுகாக்கவில்லையே என்று யாரும் வருந்துவதில்லை.

இதனை அறியாமை என்று எளிதிற் பழித்துவிடலாம். ஆயின் அன்றைய நிலையில் நின்று பார்ப்பின் அதற்குக் காரணங்கள் இருந்தன. நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு நிகழ்ச்சியை மீண்டும் மீண்டும் காட்ட இயலாது; குறிப்பிட்ட காலத்திற்குப் பின் காட்ட வேண்டுமாயின் புதிதாக இசைவு பெற்றுப் பணமும் தரவேண்டும். பிரிட்டிஷ் தொலைக்காட்சி 405 கோட்டு முறையிலிருந்து 625 கோட்டு முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. 1967இல் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையிலும் 1969இல் முதல் அலைவரிசையிலும் வண்ணம் வந்தது. வண்ணம் வந்தபின் கறுப்பு வெள்ளை நாடகத்தை யார் பார்ப்பர்? வீட்டில் ஒளிப்பேழை வைத்து விரும்பிய பொழுது பார்க்கும் வசதி அன்று இல்லை. அப்படி ஒன்று வருமென்று கணக்கிட்டு எந்த எழுத்தரும் அலமாரியில் இடம் ஒதுக்கவில்லை. நிறுவனத்தின் படச்சுருள் நூலகமோ படச்சுருளைக் காப்பதே தன் கடமை எனக் கொண்டிருந்தது. நாடா அதன் பொறுப்பன்று. ஒவ்வொரு துறையும் பிறிதொரு துறையிடம் படி இருக்கும் என நம்பிக் கையெழுத்திட்டது. இத்தகைய நம்பிக்கையே ஆவணங்களின் முதற்பகை என்பது என் கருத்து.

1967ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வழிப்பு 1978 வரை நீடித்தது. மூலநாடாக்கள் முதலில் போயின. அயல்நாட்டு விற்பனைக்காக எடுத்த படச்சுருட் படிகளும் விற்பனைக் காலம் முடிந்தவுடன் எரிக்கப்பட்டன அல்லது குப்பைக்குச் சென்றன. 1978இல் இயன் லெவின் என்னும் ஆர்வலர் தலையிட்டதனால், தாலெக் என்னும் இயந்திரப் பகைவர் முதன்முதல் தோன்றிய கதையின் படச்சுருள்கள் அழிவினின்று தப்பின. அக்காலத்திலேயே நிறுவனத்தின் ஆவணப் பொறுப்பை ஏற்ற சூ மால்டன் அம்மையார், எது இருக்கிறது எது இல்லை என முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகள் இல்லை என்ற உண்மை வெளிப்பட்டது.

இனி, படிகளின் கதையைக் காண்போம்.

நாடாவை அயல்நாடுகளுக்கு அனுப்புதல் எளிதன்று. நாட்டுக்கு நாடு கருவி வேறு, முறை வேறு. எனவே ஒளித்திரைக்கு எதிரே படப்பிடிப்புக் கருவியை நிறுத்தி, ஓடும் காட்சியை 16 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்தனர். எந்த நாட்டு நிலையத்திலும் அதனை ஓட்டலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், ஹாங்காங், நைஜீரியா, ஸாம்பியா, சைப்ரஸ் எனப் பல நாடுகள் இப்படிகளை வாங்கின. ஒரே படி பல நாடுகளுக்குச் சென்றதும் உண்டு. ஒரு நிலையம் காட்டி முடித்ததும், ஒப்பந்தப்படி இலண்டனுக்குத் திருப்பியனுப்ப வேண்டும், அல்லது அடுத்த நாட்டு நிலையத்திற்கு அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட்டுச் சான்று எழுதித் தரவேண்டும்.

மூன்றையும் செய்யாமல் சில நிலையங்கள் கிடங்கில் போட்டுவிட்டன. ஒப்பந்தத்தை ஒழுங்காக நிறைவேற்றிய நிலையங்களிலிருந்து நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மறந்து போனவர்களிடமிருந்தே கிடைத்தது. கடமை தவறாதவர்களை இதற்காகக் குறைகூற இயலாது என்றாலும், சோம்பலுக்கும் வரலாற்றில் ஒரு பங்குண்டு என்று சிரித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

1983இல் இலண்டனில் ஒரு கிறித்துவ சமயப் பிரிவினர்க்குரிய கட்டடத்தின் நிலவறையில் இரண்டு பகுதிகள் கிடைத்தன. 1980களின் இடைப்பகுதியில் சைப்ரஸ், நைஜீரியா ஆகிய நாடுகளிலிருந்து சில வந்தன. 1999இல் நியூசிலாந்தில் ஒருவர் கையில் ஒரு பகுதி இருந்தது. 2011இல் வெளிவந்த இரண்டு, ஓய்வுபெற்ற ஒரு தொலைக்காட்சிப் பொறியாளர் 1980களில் ஒரு சிறு சந்தையில் வாங்கிய சுருள்களுக்கிடையே இருந்தன. வாங்கியவருக்கு அவை காணாமற் போனவை என்பதே தெரியாது.

நமக்கு அண்மையிலுள்ள கண்டெடுப்பு ஹாங்காங்கில் நிகழ்ந்தது. 1967 செப்டம்பரில் நான்கு வாரம் ஒளிபரப்பான 'சைபர் மனிதரின் கல்லறை' என்னும் கதையின் நான்கு பகுதிகளும், அந்நகரின் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் 1991ஆம் ஆண்டின் இறுதியில் ஒருசேரக் கிடைத்தன. உறைபனிக் கல்லறையில் நெடுங்காலம் உறங்கிய உலோக மனிதர் எழுந்து வருவது அக்கதையின் பொருள். அக்கதையே கிடங்கில் இருபதாண்டுக்கு மேல் உறங்கி எழுந்ததை எண்ணி அன்பர்கள் நகைத்தனர். 1992 மே மாதம் அது ஒளிப்பேழையாக விற்பனைக்கு வந்தது.

இங்கேதான் வரலாறு கற்போர் நின்று நோக்கவேண்டிய செய்தி உள்ளது. இருபதாண்டுக்கு மேலாக அக்கதையை எவரும் பார்த்ததில்லை. சிறுவயதில் பார்த்தவர்களின் நினைவே சான்று. அந்நினைவு ஆண்டுதோறும் வளர்ந்து, தொடரின் தலைசிறந்த படைப்பு இதுவே என்னும் புகழாயிற்று. படம் வந்ததும் பலர் ஏமாற்றமுற்றனர். ஆளைத் தூக்கி எறியும் காட்சியில் கட்டிய கம்பி கண்ணுக்குத் தெரிந்தது. மறுபக்கம், எவரும் பெரிதாகப் பேசாத ஓர் அமைதியான காட்சி எல்லாரையும் உருக்கியது. தந்தையை இழந்த இளம்பெண் ஒருத்தி, உம் குடும்பத்தார் உமக்கு நினைவில் இருக்கின்றனரா என்ற பொருள்பட டாக்டரிடம் கேட்கிறாள். தாம் விரும்பும்பொழுது அவர்களைக் கண்முன் கொண்டுவர முடியும் என்றும், மற்ற நேரங்களில் அவர்கள் தம் மனத்துள் உறங்குகின்றனர் என்றும் அவர் மறுமொழி கூறுகிறார். சிறுவர்களின் நினைவில் கல்லறையைப் பிளந்து வரும் உலோக மனிதர் தங்கினர். இந்த உரையாடல் தங்கவில்லை.

இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்றும் உண்டு. 'உலகின் பகைவன்' என்னும் கதை 1967இன் இறுதியிலும் 1968இன் தொடக்கத்திலும் ஆறு பகுதிகளாக வந்தது. எஞ்சியிருந்தது மூன்றாம் பகுதி மட்டுமே. ஆறு பகுதிகளுள் நிகழ்ச்சி குறைந்தது அது. பெரும்பொழுது பேச்சிலேயே கழியும். அவ்வாண்டுக் கதைகளுள் கோரவுருவம் எதுவும் இடம்பெறாத கதையும் இதுவே. ஆகவே இது சுவையற்றது என்று நூல்கள் எழுதின. அந்நூல்களைப் படித்தவர்களும் அவ்வாறே எழுதினர். நானே அத்தகைய ஒரு குறிப்பைப் படித்து நம்பியவன்.

பிலிப் மாரிஸ் என்னும் ஆய்வாளர் ஆப்பிரிக்க நாடுகளின் தொலைக்காட்சி நிலையங்களில் பழைய படச்சுருள்களைத் தேடி வந்தவர். நைஜீரியாவின் ஜோஸ் நகரில் ஒரு நிலையத்தின் சரக்கறையில் 2011இல் அவர் கண்ட சுருள்களுள் இக்கதையும் 'அச்சத்தின் வலை' என்னும் வேறொரு கதையும் இருந்தன. 2013 அக்டோபரில் செய்தி வெளியிடப்பட்டது. இழந்தவையாகக் கருதப்பட்ட ஒன்பது பகுதிகள் ஒரே நாளில் மீண்டன. பார்த்தவர் வியந்தனர். பாட்ரிக் ட்ரூட்டன் நல்லவராகிய டாக்டராகவும், உலகை ஆள முனையும் கொடியவனாகவும் இரு வேடத்தில் நடித்திருந்தார். கேட்பொலியில் மட்டும் அறிந்திருந்த அந்த நடிப்பில், ஒருவர் மற்றவராக நடிக்கும் இடங்களில் முகத்திலும் தோளிலும் நிகழ்ந்த நுண்மாற்றம் எங்ஙனம் புலப்பட்டிருக்கும்? பின்வரிசையில் கிடந்த கதை முன்வரிசைக்கு வந்தது. படைப்பு மாறவில்லை, ஆறில் ஒரு பங்கை வைத்து எழுதிய தீர்ப்பே மாறிற்று.

கேட்பொலி என்றேன். அதைப் பற்றியும் கூறவேண்டும். படம் அழிந்த பகுதிகள் அனைத்திற்கும் ஒலி எஞ்சியிருக்கிறது. இது நிறுவனம் செய்த காரியமன்று. 1960களில் தம் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் ஒலிவாங்கியை வைத்து, வீட்டாரைப் பேசாமல் இருக்கச் சொல்லிப் பதிவு செய்த இளைஞர்களின் காரியம். ஜான் கூரா என்பவர் ஒளிபரப்பின்பொழுது திரையையே நிழற்படம் எடுத்து, இயக்குநர்க்கும் நடிகர்க்கும் விற்றுப் பிழைத்தார். ஒரு பகுதிக்கு ஏறத்தாழ அறுபது எழுபது படங்கள். அவற்றுட் பெருந்தொகுதி ஒன்று 1993இல் நிறுவனத்தின் எழுத்தாவணக் காப்பகத்தில் கிடைத்தது. ஆஸ்திரேலியத் தணிக்கையாளர் சிறுவர்க்கு ஆகாதென வெட்டிய சிறு துண்டுகளோ அந்நாட்டு அரசு ஆவணக்களரியில் 1996இல் அகப்பட்டன. காட்டத்தகாதவை என்று விலக்கியவை பிழைத்தன, காட்டத்தக்கவை அழிந்தன.

இத்தனை இருந்தும் ஈடுசெய்ய இயலாத இழப்புகள் உள. 1966 அக்டோபர் 29ஆம் நாள் ஒளிபரப்பான 'பத்தாம் கோள்' கதையின் நான்காம் பகுதியில், உடல் நலிந்த முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் தரையில் வீழ, அவர் முகம் கரைந்து ட்ரூட்டனின் முகமாகிறது. நடிகர் மாறினும் பாத்திரம் தொடரும் என்னும் அவ்வொரு கற்பனையே இத்தொடரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழவைத்தது. அந்தப் பகுதி 2013ஆம் ஆண்டுக் கணக்கிலும் இழந்தவற்றுள் இருந்தது. முகம் மாறும் சில நொடிகள் மட்டும், 1973இல் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்துக் காட்டியமையால் எஞ்சின.

ஜோஸ் நகரின் கண்டெடுப்புக்குப் பின் காணாமற் போனவை 97 எனக் கணக்கிட்டனர். 'அச்சத்தின் வலை' கதையின் ஆறு பகுதிகளுள் முதலாவது முன்பே கைவசம் இருந்தது. நைஜீரியாவிலிருந்து நான்கு வந்தன. மூன்றாம் பகுதி வரவில்லை. சரக்கறையில் தாம் கண்டபொழுது அதுவும் இருந்தது என்றும், இலண்டன் வந்து சேருமுன் மறைந்துவிட்டது என்றும் மாரிஸ் பின்னர்க் கூறியுள்ளார். பல்லாண்டு தொடரில் நிலைபெற்ற லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட் என்னும் படைத்தலைவர் பாத்திரம் அறிமுகமாவது அந்த மூன்றாம் பகுதியில்தான். கூரா எடுத்த நிழற்படங்களை வரிசையாக அடுக்கி, வீட்டில் எவரோ பதிவு செய்த ஒலியை அவற்றின்கீழ் ஓடவிட்டு அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 2021இல் அதே ஒலிக்கு அசைவூட்டப்படமும் வரைந்து சேர்த்தனர்.