நிரல் திறக்கும் குறுக்குவிசைகள்

கணினியில் ஒரு நிரலைச் சுட்டியால் தேடிப் பிடிக்காமல், இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தித் திறப்பதற்கான ஏற்பாடு குறுக்குவிசை. பேச்சு வழக்கில் ஷார்ட்கட் கீ. கண்ட்ரோல்+சி போன்றவற்றை அந்தந்த நிரல் கவனித்துக்கொள்கிறது. நிரல் திறக்கும் விசையையோ இயங்குதளமே வாங்கிக்கொள்வதால், திரையில் எது திறந்திருந்தாலும் அது வேலை செய்யும்.

இதற்கு முன்னோடி, 1984-இல் போர்லேண்ட் நிறுவனம் வெளியிட்ட சைடுகிக். ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே ஓடிய டாஸ் காலத்தில் அது நினைவகத்தில் காத்திருக்கும். கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தினால், நடக்கும் வேலையின் மேலேயே குறிப்பேட்டையும் கணிப்பானையும் விரிக்கும். விண்டோஸ் விசை 1994-இல் மைக்ரோசாஃப்ட் நேச்சுரல் விசைப்பலகையோடு வந்தது.

விண்டோஸில் அமைக்கும் முறை எளிது. முகப்புத் திரையிலுள்ள ஷார்ட்கட் படத்தில் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ் பகுதியில் 'ஷார்ட்கட் கீ' கட்டத்துக்குச் சென்று ஓர் எழுத்தைத் தட்டினால், கண்ட்ரோல்+ஆல்ட் தானாகச் சேரும். அந்த ஷார்ட்கட் முகப்புத் திரையிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்க வேண்டும். வேறு கோப்புறைக்கு நகர்த்தினால் விசை பலிக்காது. இந்தச் சிரமமும் வேண்டாம் என்பவர்கள் நிரலை டாஸ்க்பாரில் பொருத்தலாம். விண்டோஸ் விசையோடு 1 அழுத்தினால் முதல் நிரல், 2 அழுத்தினால் அடுத்தது.

உபுண்டு போன்ற க்னோம் திரைச்சூழல் கொண்ட லினக்ஸில், அமைப்புகளின் விசைப்பலகைப் பகுதியில் பெயர், கட்டளை, விசை மூன்றையும் கொடுத்தால் போதும். அங்கே கண்ட்ரோல்+ஆல்ட்+டி முன்பே டெர்மினலுக்கு ஒதுக்கப்பட்டது.

சிக்கல் விசைகள் மோதும்போது வருகிறது. இந்தியருக்கு நெருக்கமான உதாரணம் ரூபாய்க் குறி. தமிழரான உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை மத்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. விண்டோஸின் 'இங்கிலீஷ் இந்தியா' விசைப்பலகையில் அதற்கான விசை கண்ட்ரோல்+ஆல்ட்+4. வலப்பக்க ஆல்ட்டோடு 4 அழுத்தினாலும் வரும். அதே கூட்டை ஒருவர் கணக்கு நிரலுக்குக் கொடுத்துவிட்டால், பில்லில் ₹ அடிக்கும்போதெல்லாம் குறி விழாமல் நிரல் திறக்கும். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆல்ட் என மூன்றையும் சேர்த்த கூட்டு இதைத் தவிர்க்கும். சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா தந்த என்ஹெச்எம் ரைட்டரில் தமிழுக்கு மாற ஆல்ட்டோடு ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். அதைப் பயன்படுத்துவோர் அந்தக் கூட்டுகளையும் ஒதுக்கி வைப்பது நல்லது.

பல மொழி புழங்கும் இடங்களில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை. அந்தமான் நிக்கோபாரில் 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் வாழ்ந்தனர். ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளம், இந்தி, தெலுங்கு, நிக்கோபாரி மொழிகளும் அங்கே பேசப்படுகின்றன. ஒரே கணினியில் இரண்டு மூன்று மொழிகளைத் தட்டெழுதுபவருக்கு, மொழி மாற்றும் விசைகளே கணிசமான இடத்தைப் பிடித்துவிடும். விண்டோஸ் விசை+ஸ்பேஸ் அதற்கென்றே இருப்பது.

குறுக்குவிசைக்கு இணையம் தேவையில்லை. செயற்கைக்கோள் இணைப்பையே தீவுகள் நம்பியிருந்த காலத்திலும் கணினியில் நிறுவிய நிரல்களை அதே வேகத்தில் அது திறந்தது. சென்னையையும் போர்ட் பிளேரையும் மற்ற தீவுகளையும் இணைக்கும், சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இணையதளங்களில் நடக்கும் வேலைக்கும் இதே உத்தி உதவும்: தளமுகவரியை ஷார்ட்கட்டாக முகப்புத் திரையில் சேமித்தால், அதன் பிராப்பர்ட்டீஸிலும் விசை கொடுக்கும் கட்டம் உண்டு.

நிர்வகிப்பதில் முதல் வேலை, ஒதுக்கிய விசைகளை ஒரு தாளில் குறித்து வைப்பது. விண்டோஸ் அவற்றை ஒரே இடத்தில் பட்டியலிட்டுக் காட்டுவதில்லை. வேண்டாத விசையை நீக்க, அதே கட்டத்தில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் 'நன்' என்று மாறும். ஒருவர் தம் முகப்புத் திரையில் வைத்த விசை அவருடைய பயனர் கணக்குக்கு மட்டுமே உரியது. அதனால் பலர் பகிரும் கணினியில் ஆளுக்கொரு கணக்கு இருந்தால், ஒருவரின் பழக்கம் அடுத்தவர் கையைத் தடுக்காது.