பிக்காப் 3,500 கிலோ இழுக்கும். ஆனால் எவ்வளவு சுமக்கும்?

பள்ளி விடுமுறையில் கூடாரத்தோடு போர்ட்டிக்சனுக்கும் கேமரன் மலைக்கும் கிளம்பும் குடும்பங்களில் சில, இப்போது சிறிய கேரவன் ஒன்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ யோசிக்கின்றன. முதலில் எழும் கேள்வி, "நம்ம காடி இதை இழுக்குமா?" என்பதுதான். ஃபோர்ட் ரேஞ்சர் போன்ற பிக்காப்களுக்கு 3,500 கிலோ என்று பதில் தயாராக இருக்கும். ஆனால் இழுப்பது வேறு, சுமப்பது வேறு. பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறன் அல்ல; சுமைத் திறன்தான்.

2025 மே மாதம் தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீஸார் ஒன்பது பேர் உயிரிழந்த பிறகு, லோரிகளின் அளவுமீறிய சுமை பற்றி நிறையப் பேசப்பட்டது. குடும்பக் காடியின் சுமையைப் பற்றி அப்படி யாரும் பேசுவதில்லை. கணக்கு என்னவோ ஒன்றுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. செம்பனை ஆலையில் பழக்குலையோடு உள்ளே போகும்போது ஒரு முறை, இறக்கிவிட்டு வெளியேறும்போது ஒரு முறை லோரியை நிறுப்பார்கள். வித்தியாசம்தான் பழத்தின் எடை. லோரிக் கதவில் எழுதியிருக்கும் எண்களிலும் இதே கணக்கு இருக்கிறது. 'பெராட் தன்பா முவாத்தான்' வெறும் வண்டியின் எடை. 'பெராட் டெங்ஙான் முவாத்தான்' சுமையோடு அது எட்டக்கூடிய உச்ச எடை. குடும்பக் காடிக்கும் இந்த இரண்டு எண்கள் உண்டு. கதவில் எழுதியிருக்காது என்பதால் யாரும் தேடுவதில்லை, அவ்வளவுதான். வாகனக் கையேட்டைப் புரட்டினால் கிடைக்கும். பிக்காப் என்றால் தகட்டிலும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது சுமைத் திறன்.

இனி கொக்கிக்கு வருவோம். கேரவனின் எடை முழுவதையும் அதன் சக்கரங்களே தாங்குவதில்லை. ஒரு பகுதி கொக்கியின் மீது இறங்கி, இழுக்கும் காடியின் பின்பக்கத்தை அழுத்தும். ஆஸ்திரேலியாவில் இதைப் பொதுவாகக் கேரவன் எடையில் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடு. இந்த எடை, காடியின் சுமைக் கணக்கில்தான் சேரும்.

ஓர் உதாரணம். வெறும் எடை 2,100 கிலோ, உச்ச எடை 2,900 கிலோ உள்ள பிக்காப் என்று வைத்துக்கொள்வோம். சுமைத் திறன் 800 கிலோ. பெரியவர்கள் ஐவர் ஏறினால் 350 கிலோ போய்விட்டது. பின்புற மூடியும் கொக்கிச் சட்டமும் 90 கிலோ. 1,500 கிலோ கேரவனின் கொக்கி எடை 150. குளிர்பெட்டி, அடுப்பு, நாற்காலி, அரிசி, துணிமணி என்று 180. கூட்டினால் 770 கிலோ. மிச்சம் 30 கிலோதான்! இழுவைத் திறனில் பாதியைக்கூடத் தொடாத நிலையில், வீட்டில் யாராவது கிரைண்டரையும் இரண்டு தண்ணீர்த் தோம்பையும் தூக்கி வைத்தால் வரம்பு தாண்டிவிடும்.

காடி, கேரவன் இரண்டும் சேர்ந்த மொத்த எடைக்கும் தனி உச்சவரம்பு உண்டு. அது 5,800 கிலோ என்றால், 3,500 கிலோவை இழுக்கும்போது காடிக்கு எஞ்சுவது 2,300 கிலோ. வெறும் காடியே 2,100. ஓட்டுநரோடு இன்னும் இருவர் ஏறினால் முடிந்தது. விளம்பரத்தில் வரும் பெரிய எண் கிட்டத்தட்டக் காலி காடிக்கு உரியது.

சில கார்களின் கையேட்டில் இழுவை எடையே குறிப்பிட்டிருக்காது. அவற்றில் கொக்கி பொருத்தாமல் விடுவதே சரி. கடைக்காரர் பொருத்தித் தருகிறேன் என்றாலும்தான்.

கேரவனுக்குள்ளும் இதே கழித்தல் கணக்குதான். 1,100 கிலோ வெறும் எடை, 1,500 கிலோ உச்ச எடை என்றால் 400 கிலோ ஏற்றலாம். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினாலே கால் பங்கு தீர்ந்தது. சமையல் வாயுத் தோம்பில் 14 கிலோ வாயு இருக்கும். இரும்பின் எடை தனி. வாங்கிய பிறகு பொருத்தும் ஏர்கோன், பேட்டரி, வெயில் மறைப்பு ஆகியவை தயாரிப்பாளர் சொல்லும் வெறும் எடையில் சேர்ந்திருக்காது. எடைமேடை வைத்திருக்கும் ஆலையிலோ பழைய இரும்புக் கடையிலோ கேட்டு, ஒருமுறை எல்லாம் ஏற்றி நிறுத்துப் பார்த்தால் ஊகத்துக்கு இடமில்லை. சிறிய கேரவனின் கொக்கி எடையை வீட்டுத் தராசிலேயே பார்க்கலாம்: சமதரையில், கொக்கி வழக்கமாக நிற்கும் உயரத்துக்கு முட்டுக் கொடுத்து, முட்டுக்கு அடியில் தராசை வைத்தால் போதும்.

கொக்கி எடையைக் குறைக்கலாம் என்று சாமான்களைக் கேரவனின் பின்கோடியில் அடுக்குவது ஆபத்து. முன்பக்கம் லேசானால், வேகமெடுக்கும்போது கேரவன் பாம்பு போல் ஆடத் தொடங்கும். கனமான பொருள்களைத் தரையோடு, அச்சுக்கு அருகிலோ சற்று முன்னாலோ வைக்க வேண்டும். ஆட்டம் வந்துவிட்டால் காடியின் பிரேக்கை அழுத்தி மிதிப்பதும், வேகத்தைக் கூட்டிச் சரிசெய்ய முயல்வதும் நிலைமையை மோசமாக்கும். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

பிரேக்கும் முக்கியம். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 750 கிலோவைத் தாண்டும் கேரவனுக்குத் தனி பிரேக் கட்டாயம். விளம்பரத்தில் வரும் 3,500 கிலோவும் தனி பிரேக் உள்ள கேரவனுக்கு மட்டுமே; இல்லாவிட்டால் பிக்காப்புக்கும் பெரும்பாலும் 750 கிலோதான். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுச் சாலையில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

கடைசியாக டயர். பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் வரும் எண், அது தாங்கும் எடையைக் குறிக்கும். 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ. இரண்டு டயருக்கு 1,230. மேலே சொன்ன 1,500 கிலோ கேரவனில் கொக்கி எடை போக 1,350 கிலோ டயர்களின் மீது நிற்கிறது. சாதாரண கார் டயர் மாட்டிய பழைய கேரவனை வாங்குவோர் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைக் குனிந்து பார்ப்பது நல்லது.