கொல்லிமலைச் சிற்றூர்களும் அவற்றின் கூலங்களும்

1. முன்னுரை

குறிஞ்சித்திணைப் பாடல்களை முதுகலை வகுப்பிற்குக் கற்பிக்குங்கால் ஆண்டுதோறும் ஒரு வினா எழுவதுண்டு. தினை என்பது யாது? மாணவர் உரையாசிரியர் கூறும் பொருளை ஒப்பிப்பர். அதன் கதிரைக் கண்டவர் அரியர். தினையையும் சாமையையும் உள்ளங்கையில் இட்டு வேறுபடுத்துக என்றால், கற்பிக்கும் யாமும் சற்றே தயங்குகிறோம். சொல் நம்மிடம் உளது. பொருள் நம் கையை விட்டு அகன்றுவிட்டது.

பொருளைக் காணவேண்டின் அது விளைந்த இடத்திற்குச் செல்லுதல் வேண்டும். அத்தகைய இடங்களுள் ஒன்று கொல்லிமலை. அம்மலையின் சிற்றூர்கள் எவ்வாறு வாழ்ந்தன, எவ்வாறு மாறின என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலைச் சிற்றூரின் தனிமை இயற்கை மட்டும் தந்ததன்று, வரலாறும் சேர்ந்து ஆக்கியது என்பதும், அத்தனிமை ஒருபுறம் உயிரைக் கொண்டது, மறுபுறம் விதையைக் காத்தது என்பதும் ஈண்டு நிறுவப்பெறும்.

2. இலக்கியத்திற் கொல்லி

சங்கச் செய்யுட்களிற் கொல்லி பெரும்பாலும் அரசர்க்குரிய மலையாகவே தோன்றுகின்றது. வல்வில் ஓரியின் வேட்டைத் திறத்தையும் கொடைத் திறத்தையும் வன்பரணர் புறநானூற்று 152ஆம் பாட்டிற் பாடினார். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரர்க்கு ஈந்த செய்தியை அகநானூற்று 209ஆம் பாட்டுக் கூறுகின்றது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கொல்லிக் கூற்றத்தில் நிகழ்ந்த பெரும்போரைச் சுட்டுகின்றது. பிற்காலத்தே குலசேகராழ்வாரும் தம்மைக் கொல்லிக்கு உரியவராகக் கூறிக்கொண்டார். அறப்பளீசுரர் கோயில் கொண்ட அம்மலை, அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகத்தால் பிற்கால இலக்கியத்திலும் இடம்பெற்றது.

இவ்வாறு மன்னர், பாவை, கடவுள் ஆகிய மூன்றாலும் கொல்லி பெயர்பெற்றது. ஆயின், அம்மலையில் உழுதவர் யாவர், உண்டது யாது என்பன நம் வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகின்றன. இக்குறையை நிறைத்தல் தமிழ்த்துறையினர் கடமையுமாகும்.

3. மலையும் மக்களும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சார்ந்தது. 1997 வரை சேலம் மாவட்டத்திலும், அதன்பின் நாமக்கல் மாவட்டத்திலும் அமைந்தது. அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ளது. அஃது ஒரே சமநிலமன்று. மேடும் பள்ளமும், ஓடையும் சரிவும் மாறிமாறி வருவது. பள்ளத்தாக்குகளில் நெல் வயல்களும், சரிவுகளிற் புன்செய்க் கொல்லைகளும், இவற்றிற்கு மேலே காடும் அமைந்துள்ளன. ஊர்கள் சில வீடுகள் முதல் சில பத்து வீடுகள் வரை கொண்ட சிறு குடியிருப்புகள்.

இம்மலையின் ஆட்சிப் பிரிவுகளின் பெயர்கள் கருதற்பாலன. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்றாற்போல இங்குள்ள 14 ஊராட்சிகளும் 'நாடு' என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றன. சமவெளியிற் கல்வெட்டுகளோடு நின்றுவிட்ட ஓர் ஆட்சிச் சொல், மலைமேல் இன்றும் பேச்சு வழக்கிலும் அலுவலக வழக்கிலும் உயிரோடுள்ளது.

இங்கு வாழ்பவருட் பெரும்பான்மையோர் மலையாளி எனப்பெறும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் மலையாள மொழிக்கும் தொடர்பில்லை. இவர்தம் பேச்சு தமிழே. காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு, சேர்வராயன், கொல்லி, பச்சை முதலிய மலைகளிற் குடியேறினர் என்பது இவர்தம் மரபுச் செய்தி. மூவருள் யார் எம்மலைக்குச் சென்றனர் என்பது கூறுவோர்க்கேற்ப மாறுபடும். இச்செய்தியை வரலாற்றுச் சான்றாக அப்படியே கொள்ளுதல் இயலாது. எனினும், இன்றைய மக்களைச் சங்ககாலக் குறவரின் நேர்வழித்தோன்றல் என எளிதிற் கூறிவிடுதலும் பொருந்தாது என்பதற்கு இது நல்லதோர் எச்சரிக்கையாகும். மக்கள் மாறியிருக்கலாம், மலை தந்த உழவுமுறை மாறாது தொடர்ந்திருக்கலாம்.

4. உழவும் உணவும்

குறுந்தொகை 82ஆம் பாட்டு, தினை அறுத்த மறுகாலில் அவரைக்கொடி முன்பனிக் காலத்திற் பூக்கும் என்னும் செய்தியைத் தருகின்றது. இதனை வெறும் கருப்பொருள் அழகாகக் கொள்வார் உளர். உண்மையில் இஃது ஓர் உழவு நுட்பமாகும். ஒரே புனத்திற் கூலமும் பயறும் சேர்ந்து வளர, முன்னது அறுவடையான பின் அதன் தட்டையைப் பற்றிப் பின்னது படர்கின்றது. பயற்றின் வேர் நிலத்திற்கு உரமாகின்றது. கொல்லிமலையிற் சிறுதானியங்களோடு அவரை, மொச்சை, கடுகு முதலியவற்றைக் கலந்து விதைக்கும் வழக்கம் அண்மைக் காலம் வரை பரவலாக இருந்தது. மழை பிந்தினும் பூச்சி விழினும் யாதேனும் ஒன்று கைகொடுக்கும் என்பதே இம்முறையின் உட்கருத்து.

சாமை, தினை, கேழ்வரகு ஆகிய மூன்றும் அம்மக்களின் முதன்மை உணவுக் கூலங்கள். ஒவ்வொன்றிலும் பல வகைகள் உள. தினையிற் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை, பாலந்தினை. கேழ்வரகிற் பெருங்கேழ்வரகு, சுருட்டைக் கேழ்வரகு. சாமையில் வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுளசாமை, மல்லியசாமை எனப் பெயர் வழங்கும். இப்பெயர்கள் மொழியாராய்ச்சியாளர்க்கு அரும்பொருளாவன. செந்தினை என்பதில் நிறமும், பெருங்கேழ்வரகு என்பதில் அளவும், சுருட்டைக் கேழ்வரகு என்பதிற் கதிரின் வடிவும் பெயர்க்காரணமாதல் வெளிப்படை. ஆனால், கட்டவெட்டி, திரிகுளம் என்னும் அடைகளை அகராதி கொண்டு மட்டும் விளக்கிவிட இயலாது. விதைப்பவரைக் கேட்டே அறிதல் வேண்டும்.

5. தனிமையின் விலை

சாலை இல்லாத காலத்தில் மலைமக்கள் பலாவும் தேனும் தலைச்சுமையாகக் கொண்டு இறங்கினர்; உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறினர். செங்குத்தான சரிவு தனிமையின் முதற்காரணம். இரண்டாவது காரணம் காய்ச்சல். கொல்லும் மலை ஆதலின் கொல்லி எனப்பெற்றது என்னும் மக்கள் வழக்குச் சொல்லாராய்ச்சிக்கு ஒவ்வாதாயினும், அவ்வழக்குப் பிறந்த அச்சம் மெய்யானது. 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேயரும் அவர் மனைவி எவ்லினும் வாழவந்தியிற் குடியேறி மருத்துவமும் கல்வியும் அளித்துவந்தனர். 1914இற் பிறந்த அவர்தம் மகனார் பால் பிராண்ட், பின்னர் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் செம்மை செய்யும் அறுவை மருத்துவத்தாற் புகழ்பெற்றார். தந்தையோ 1929இல் மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க்காய்ச்சலால் அம்மலையிலேயே உயிர்நீத்தார். மருந்தறிந்தவர்க்கே இந்நிலை எனின், மருந்தறியாத சிற்றூரார் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்திற்குப் பின்னரே இந்நோய் நாடெங்கும் தணியலாயிற்று.

மூன்றாவது காரணம் அரசு வகுத்த எல்லை. 1882ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் காடுகளை ஒதுக்கி வரையறுத்தது. புனத்தை மாற்றிமாற்றி உழுது, பழம்புனத்தைக் காடாக விட்டுவைக்கும் வழக்கம் இதனால் மலைகளெங்கும் சுருங்கிற்று. எனவே, மலைச் சிற்றூர் வரலாற்றுக்கு அப்பால் உறங்கிக்கிடந்தது என்னும் கருத்துப் பொருந்தாது. அதன் எல்லையைக் கோட்டையும் கச்சேரியும் வகுத்தன. அதன் நலிவிற் சமவெளியின் ஆட்சிக்கும் பங்குண்டு.

6. சாலையும் கிழங்கும்

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலைமேற் சாலை ஏறியது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகள் வழியாகச் செல்லும் அப்பாதை, பள்ளியையும் மருத்துவத்தையும் சந்தையையும் சிற்றூர்க்கு அணித்தாக்கிற்று. அதே பாதையில் மரவள்ளியும் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது இறக்குமதி தடைப்பட, சேலம் வட்டாரத்தில் 1940களிற் சவ்வரிசித் தொழில் தோன்றியது. அவ்வாலைகளின் தேவை வளர வளர, மலைச்சரிவுகளிலும் மரவள்ளி பரவிற்று. சாமை விளைந்த கொல்லைகள் குச்சிக்கிழங்குக் கொல்லைகள் ஆயின. கிழங்கு பணம் தந்தது. நியாயவிலைக் கடை அரிசி தந்தது. சாமை அடுக்களையை விட்டு அகன்றது.

இம்மாற்றத்திற்கு உழவரைக் குறைகூறுதல் நேர்மையாகாது. சாமையின் உமி நீக்குதல் எளிதன்று. உரலும் உலக்கையுமாக மகளிர் நாள்தோறும் உழைத்த உழைப்பின் மேலேயே அப்பழைய உணவு நின்றது. அவ்வுழைப்பைப் பாடல்களில் வள்ளைப்பாட்டாக நாம் சுவைக்கின்றோம். உலக்கை பிடித்தவர் அதனின்று விடுதலையே விரும்பினர். பிள்ளையின் படிப்புக்குப் பணம் வேண்டுமென ஒருவர் மரவள்ளி நடுவாராயின், தினையின் பழம்பெருமை கூறி அவரைத் தடுக்க நமக்கு உரிமையில்லை.

இவ்வுண்மையை உணர்ந்து செய்யப்பெற்ற முயற்சியும் உண்டு. 1988இல் நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990கள் முதல் இம்மலையில் ஊர் விதை வங்கிகளை அமைக்கவும், உமி நீக்கும் பொறிகளை மகளிர் குழுக்களிடம் ஒப்படைக்கவும், சிறுதானியங்கட்குச் சந்தை தேடவும் உழைத்துவந்தது. விதையைக் காக்கவேண்டின் முதலில் உலக்கையின் சுமையைக் குறைத்தல் வேண்டும் என்பது இதன்கட் புலனாகும் பாடம். 2023ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்தார் விலைகொடுத்துத் தேடும் உணவாகத் தினை மீளும் காலம் இது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கொல்லிமலைச் சிற்றூர்களின் தனிமையைச் சரிவும் காய்ச்சலும் சட்டமும் சேர்ந்து ஆக்கின என்பதும், அத்தனிமைக்குள் பல்வகை விதைகள் காக்கப்பெற்றன என்பதும், தனிமை நீங்கியபோது நலமும் இழப்பும் ஒரே சாலையில் வந்தன என்பதும் பெறப்படும். பழைய தனிமையை மீண்டும் வேண்டுதல் அறமாகாது. ஆயின், விதை வங்கி விதையைக் காக்கும். விதையின் பெயரையும், அதனை விதைக்கும் பருவத்தையும், அது பற்றிய பழமொழியையும் காப்பவர் யாவர்? அது வேளாண் அறிஞரின் பணியன்று, நம் பணி.

வல்வில் ஓரிக்குச் செம்மேட்டிற் சிலையுண்டு. ஆண்டுதோறும் விழாவும் உண்டு. திரிகுளசாமை என்னும் சொல்லின் பொருளை அறிந்த முதியோரோ ஆண்டுதோறும் குறைகின்றனர். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு நாட்டின் ஊர்களையேனும் எடுத்துக்கொண்டு, கூலப் பெயர்களையும் நிலப் பெயர்களையும் கருவிப் பெயர்களையும் விதைப்பவர் வாய்மொழியாகவே தொகுப்பாராயின், குறிஞ்சிப் பாடல்களுக்கு அதனினும் சிறந்த உரை வேறொன்று அமையாது.